மனைவி ஏற்காட்டில், நான் நியூஜெர்சியில்: என்விசிக்கு எந்தப் பேப்பரை முதலில் எடுப்பது?

மலைப்பாதை20:

வணக்கம். நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன். மனைவி ஏற்காட்டில் மாமியார் வீட்டில் இருக்காங்க. கல்யாணம் 2024 ஜூன். ஐ-130 (மனைவிக்கான குடியேற்ற மனு) அப்ரூவ் ஆகி, என்விசியிலிருந்து (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) கேஸ் நம்பரும் இன்வாய்ஸ் ஐடியும் வந்துடுச்சு. 325 டாலர், 120 டாலர் ரெண்டு ஃபீஸும் கட்டியாச்சு. பேப்பர் ஏற்றும் இடத்தில்தான் நிற்கிறேன்.

1. அவங்க 1994ல் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவங்க. பிறப்பு பதிவு ஆனதாகவே தெரியலை.

2. பாஸ்போர்ட்டில் 'கவிதா' மட்டும்தான், சர்நேம் காலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா எஸ்', மேரேஜ் சர்ட்டிஃபிகேட்டில் 'எஸ். கவிதா'. அப்பா பெயர் சண்முகம்.

3. கல்யாணத்துக்கு முன் துபாயில் 14 மாசம் வேலை பார்த்தாங்க.

4. நான் இந்த மார்ச்சில் வேலை மாறினேன். 2024 வரிக்கணக்கில் வருமானம் கம்மி. சிங்கிள்னு ஃபைல் பண்ணியிருக்கேன்.

பிசிசிக்கு (போலீஸ் சான்று) நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் போடலாம்னு இருக்கோம். சரியா?

அஸ்தம்பட்டி_ஃபைல்:

நாளைக்குப் போடாதீங்க. வரிசை மாறினா ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யணும்.

பிசிசியில் பாஸ்போர்ட் நம்பர் அச்சாகி வரும். இப்போ பிசிசி எடுத்துட்டு, அப்புறம் பெயருக்காகப் பாஸ்போர்ட்டை மாத்தினா, பழைய நம்பரும் பழைய பெயருமா ஒரு பிசிசி கையில் இருக்கும். அதனால் முதலில் ஆதார், அடுத்து பாஸ்போர்ட், அதுக்கப்புறம் பிசிசி, கடைசியா டிஎஸ்-260 (இணைய விசா விண்ணப்பம்).

பெயரை ஏன் மாத்தணும்னு கேட்பீங்க. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தா, அந்தப் பெயரை சர்நேம் கட்டத்துக்குத் தள்ளிட்டு, கிவன் நேம் கட்டத்தில் 'எஃப்என்யு' போடணும். முதல் பெயர் தெரியலைன்னு அர்த்தம். விசாவில் அப்படியே வரும், கிரீன் கார்டுக்கும் அதுவே போகும், அங்கிருந்து லைசென்ஸ், பேங்க் அக்கவுன்ட்னு தொத்திக்கிட்டே வரும். பிறகு மாத்துறதைவிட விசா ஒட்டாத பாஸ்போர்ட்டில் இப்பவே மாத்துறது சுலபம். சர்நேம் சண்முகம், கிவன் நேம் கவிதான்னு பிரிச்சு ரீஇஷ்யூ போடுங்க. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கால்னா இன்னும் 2,000. அதுக்கு முன்னாடி ஆதாரும் அதே எழுத்துக்கூட்டலில் இருக்கணும். ஆதாரில் பெயர் திருத்த வாழ்நாளில் ரெண்டே வாய்ப்பு, எழுத்துக்கு எழுத்து பார்த்துட்டு சப்மிட் பண்ணுங்க. 'ஷண்முகம்'னு ஒரு இடம், 'சண்முகம்'னு ஒரு இடம் வந்தா வம்புதான்.

புது பாஸ்போர்ட் வந்ததும் என்விசிக்கு அவங்க இணைய ஃபார்ம் வழியா பெயர் மாற்றத்தைச் சொல்லி, முதல் பக்கத்தின் ஸ்கேனை இணைச்சிடுங்க. மார்க் ஷீட், மேரேஜ் சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் திருத்தப் போக வேண்டாம். மூணு வடிவமும் ஒரே ஆள்தான்னு ஒரு நோட்டரி அஃபிடவிட் போதும். டிஎஸ்-260ல் 'வேறு பெயர்கள்' கேட்கும் இடத்தில் இனிஷியலோட இருக்கும் ரெண்டு வடிவத்தையும் எழுதணும். பலர் அதை 'இல்லை'ன்னு விட்டுடறாங்க.

பிசிசி பாஸ்போர்ட் சேவா வழியா எடுக்கறதுதான் செல்லும், 500 ரூபாய். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் வேலைக்காக எடுக்கற நன்னடத்தைச் சான்று இதுக்கு ஆகாது, பெயர் ஒரே மாதிரி இருக்கறதால் ஏமாந்துடாதீங்க. 2022 செப்டம்பரிலிருந்து அஞ்சலகப் பாஸ்போர்ட் மையங்களிலும் பிசிசிக்கு விண்ணப்பிக்கலாம், சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே முடிஞ்சிடும். விண்ணப்பத்தில் இப்போ குடியிருக்கும் ஏற்காடு முகவரியையே போடுங்க. போலீஸ் விசாரணைக்கு வரும்போது ஆள் அங்கே இல்லைன்னா ஃபைல் திரும்பிடும். என்விசி கணக்கில் இது ரெண்டு வருஷம் செல்லும், அவசரமே இல்லை.

நாகலூர்_காப்பி:

பிறப்புக்கு நான் சொல்றேனுங்க. எஸ்டேட் லைன்ல பிறந்தவங்க நிறைய பேருக்கு இதே கதைதான்.

முதல்ல, பதிவு இல்லைன்னு நீங்களா முடிவு கட்டாதீங்க. கிராம ஊராட்சியில பிறப்பைப் பதியறவரு விஏஓ. ஏற்காடு தாலுகா ஆபீஸ்ல 1994 மட்டுமில்லாம 1993, 1995 பதிவேட்டையும் தேடச் சொல்லுங்க. வீட்டுல பிறந்தா பிந்தித்தான் போய்ச் சொல்லியிருப்பாங்க. குழந்தை பெயர் அதுல இருக்காது, 'பெண்'னு மட்டும் இருக்கும். அதனால அப்பா பெயர், அம்மா பெயர், எஸ்டேட் பெயரை வெச்சுத் தேடணும். பிரசவம் பார்க்கக் கீழே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பதிவு மாநகராட்சியில இருக்கும். மாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பெயர் இல்லாத பதிவு கிடைச்சா, பள்ளிச் சான்றை வெச்சுப் பெயர் சேர்க்க முடியுமான்னு கேளுங்க. அதுக்குக் கால வரம்பு உண்டு.

எதுவுமே கிடைக்கலைன்னா 'பதிவு இல்லை'ன்னு எழுத்துல சான்று வாங்கிடுங்க. அந்தத் தாள் இல்லாம அடுத்த படி கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல தாமதமான பதிவுக்கு 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 13(3)ல ஆர்டிஓ உத்தரவு வேணும். ஆர்டிஓன்னதும் லைசென்ஸ் ஆபீஸ்ல போய் நின்னுடாதீங்க, இது வருவாய்க் கோட்டாட்சியர். பதிவு இல்லாச் சான்று, மார்க் ஷீட், டிசி, பெத்தவங்க ஆதார், குடும்ப அட்டை, பிறப்பை நேர்ல அறிஞ்ச பெரியவங்க அஃபிடவிட், எல்லாத்தையும் ரெண்டு செட்டா எடுத்துட்டுக் கிளம்புங்க. ஒரு நகலுக்காக 20 கொண்டை ஊசியை மறுபடி ஏறி இறங்கறது உடம்புக்கு ஆகாதுங்க.

அப்படி வாங்கற சர்ட்டிஃபிகேட்ல பதிவுத் தேதி இந்த வருஷமா இருக்கும். 30 வருஷம் கழிச்சு ஏன் பதிஞ்சீங்கன்னு தூதரகத்துல கேட்க இடமிருக்கு. அதனால அதை மட்டும் ஏத்தாம, பதிவு இல்லாச் சான்று, மார்க் ஷீட், அம்மாவோட அஃபிடவிட் மூணையும் சேர்த்து ஒரே பிடிஎஃப்பா ஏத்துங்க. அஃபிடவிட்ல தேதி, இடம், பெத்தவங்க பெயர், எழுதறவருக்கு அது எப்படித் தெரியும்ங்கறது நாலும் இருக்கணும். 'எனக்குத் தெரியும்'னு மொட்டையா எழுதினா எடுபடாது.

தமிழ்ல மட்டும் இருக்கற தாளுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும். முழுசா, சரியா மொழிபெயர்த்திருக்கேன், எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்னு மொழிபெயர்த்தவர் கீழே எழுதிக் கையெழுத்துப் போடணும். முத்திரையோட பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க, அதை விட்டாலே திருப்பி அனுப்பிடறாங்க. யுஎஸ்சிஐஎஸ்க்கு (அமெரிக்கக் குடியேற்றத் துறை) கொடுத்ததுதானேன்னு மேரேஜ் சர்ட்டிஃபிகேட்டையும் விட்டுடாதீங்க, என்விசியில மறுபடி ஏத்தணும்.

வரிக்கணக்கு:

நாலாவது கேள்வியில்தான் பெரிய ஓட்டை. டிசம்பர் 31 அன்று திருமணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் நீங்கள் திருமணமானவர். ஜூனில் கல்யாணம் முடித்துவிட்டு 2024க்கு 'சிங்கிள்' என்று தாக்கல் செய்தது தவறு. ஐ-864இல் (மனைவிக்கான நிதிப் பொறுப்பு உறுதிமொழி) மனைவி, வரிக்கணக்கில் சிங்கிள் என்று இரண்டும் ஒரே ஃபைலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 1040-எக்ஸ் (வரிக்கணக்குத் திருத்தப் படிவம்) போட்டுத் திருத்துங்கள். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் மனைவியின் எண் கேட்கும் இடத்தில் 'என்ஆர்ஏ' (அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர்) என்று எழுதலாம். கூட்டாகத் தாக்கல் செய்ய விரும்பினால் டபிள்யூ-7 படிவம் மூலம் ஐடின் (வரி அடையாள எண்) வாங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். திருத்தியதன் நகலையும் ஐஆர்எஸ் டிரான்ஸ்கிரிப்டையும் (வரித்துறை தரும் கணக்குச் சுருக்கம்) சேர்த்து ஏற்றுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் இருந்தால் டபிள்யூ-2 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) தேவையில்லை. 1040 நகலை மட்டும் கொடுத்தால் தேவை.

வருமானம் பற்றிக் கவலை வேண்டாம். பார்ப்பது இப்போதைய ஆண்டு வருமானம். வேலைக் கடிதத்தில் பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், நிரந்தர வேலை என்பது இருக்கட்டும். சமீபத்திய சம்பளச் சீட்டுகளை இணையுங்கள். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் குடும்ப அளவு 2. வறுமைக் கோட்டின் 125 சதவீதம், 2025 அட்டவணைப்படி 26,437 டாலர். ஆண்டுதோறும் மாறும், அனுப்பும் நாளில் நடப்பிலுள்ள ஐ-864பி அட்டவணையைப் பாருங்கள். மனைவியை இரண்டு இடத்தில் எண்ணிக் குடும்ப அளவை 3 ஆக்கிவிடுவது வழக்கமான பிழை.

அப்படியும் குறைந்தால் ஜாயின்ட் ஸ்பான்சர் (உங்களோடு சேர்ந்து நிதிப் பொறுப்பேற்பவர்) போடலாம். அவர் அமெரிக்காவில் வசிக்கும் சிட்டிசனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். அவர் கொடுத்தாலும் உங்கள் ஐ-864 தனியாக வந்தே ஆக வேண்டும். சொத்தைக் காட்டுவதானால், சிட்டிசனின் மனைவிக்குக் குறைவதைப் போல மூன்று மடங்கு: 5,000 குறைந்தால் 15,000. ஓமலூர் பக்கம் மனை இருக்கிறதே என்று தோன்றும். ஓராண்டுக்குள் பணமாக்க முடியும் என்று காட்ட வேண்டும் என்பதால், சம்பளத்திலேயே முடிந்தால் மனையை இழுக்காமல் விடுவது நல்லது.

மலைப்பாதை20:

1040-எக்ஸ் விஷயம் நினைச்சே பார்க்கலை, நன்றி. மாமியார்கிட்ட கேட்டேன், பிரசவம் வீட்டில்தானாம். தாலுகா ஆபீஸுக்கு மூணு வருஷப் பதிவேட்டுக்கும் சேர்த்து மனு எழுதியாச்சு. துபாய் 14 மாசத்துக்குத் தனியா ஏதாவது வேணுமா? இதெல்லாம் முடியறதுக்குள்ள என்விசி கேஸை மூடிடுவாங்களா?

அஸ்தம்பட்டி_ஃபைல்:

வேணும். 16 வயசுக்கு மேல் ஒரு நாட்டில் 12 மாசம் அல்லது அதுக்கு மேல் இருந்திருந்தா அந்த நாட்டு போலீஸ் சான்றும் கேட்பாங்க. துபாய் போலீஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், பழைய எமிரேட்ஸ் ஐடி நகலைத் தேடி வைங்க. திரும்பி அங்கே போகாத வரைக்கும் அந்தச் சான்றுக்கு ரெண்டு வருஷக் கெடு கிடையாது, அதனால் இதை மட்டும் இப்பவே ஆரம்பிச்சிடலாம்.

கேஸ் மூடும் பயம் வேண்டாம். ஒரு வருஷம் எந்தத் தொடர்பும் இல்லாம விட்டாத்தான் அந்த நடவடிக்கை. நடுவில் ஒரு தடவை லாகின் பண்ணி ஏதாவது ஒரு பேப்பரை ஏத்தி வைங்க.

டிஎஸ்-260ல் 16 வயசிலிருந்து இருந்த முகவரி எல்லாம் கேட்கும். ஹாஸ்டல், துபாய் அறை உட்பட முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வெச்சுக்கோங்க, ஃபார்ம் 20 நிமிஷம் சும்மா இருந்தா வெளியே தள்ளிடும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேணுமான்னு வரும் கேள்விக்கு 'ஆம்' போட்டா, போனதும் அந்த ஆபீஸில் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.

இன்டர்வியூ பெரும்பாலும் மும்பைதான், கேஸ் நம்பர் பிஎம்பின்னு ஆரம்பிச்சா அதுதான் அர்த்தம். மெடிக்கலுக்குத் தூதரகப் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போகணும், இங்கே எந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் செல்லாது. அது பொதுவா ஆறு மாசம்தான் செல்லும், விசாவின் கடைசித் தேதியும் அதை ஒட்டியே வரும். இன்டர்வியூ தேதி வராம மெடிக்கல் எடுக்காதீங்க.

அமெரிக்காவில் இறங்கும் நாளில் கல்யாணமாகி ரெண்டு வருஷம் முடிஞ்சிருந்தா ஐஆர்-1, நேரா 10 வருஷக் கார்டு. முடியலைன்னா சிஆர்-1, ரெண்டு வருஷக் கார்டு, அது முடியறதுக்கு முந்தைய 90 நாளில் ஐ-751 (கார்டின் நிபந்தனையை நீக்கும் மனு) போடணும். உங்களுக்கு 2026 ஜூன்தான் கோடு. விசா கையில் வந்து டிக்கெட் போடும்போது அந்தத் தேதியைப் பார்த்துப் போடுங்க.