லேசர் ஜைரோவின் ஆயுளை இழுத்துப் பிடித்த கதைகள்

கம்மவான்பேட்டைக்காரன்:
எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்பார்கள், நான் போய்ச் சேர்ந்தது விமானப் பராமரிப்பில். விமானம் எவ்வளவு திரும்புகிறது என்பதை, ஹீலியம்-நியான் வாயுவுக்குள் எதிரெதிராய்ச் சுற்றும் இரண்டு லேசர் கற்றைகளை வைத்து அளக்கும் கருவிதான் ரிங் லேசர் ஜைரோ. அதில் சுழலும் பாகமே கிடையாது, அதனால் தேயாது என்றுதான் எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். தேயாதுதான், ஆனாலும் ஒருநாள் லேசர் பற்றாமல் போய்விடும்.

அலுமினியக் கேத்தோடின் (மைனஸ் முனை) மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று இருக்கும், அதுதான் கவசம். நியான் அயனிகள் மோதி மோதி அந்தத் தோல் போனதும் அலுமினியம் தெறித்து, தெறிக்கும்போதே நியானையும் சேர்த்துப் புதைத்துவிடும். வாயு அழுத்தம் குறையும், குறைந்தால் தெறிப்பு இன்னும் கூடும். கடன் வட்டி மாதிரி. அப்புறம் ஒளியின் வலு இறங்கிக்கொண்டே போகும்.

என் சீனியர் ஒருவர் மூன்று ஜைரோ அடங்கிய ஒவ்வொரு பெட்டிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதாமாதம் மூன்றின் ஒளி வலு எண்ணையும் குறித்து வைப்பார். ஒரு மே மாதம் தரைப் பயிற்சி என்று சொல்லி ஒரு பெட்டியை நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறார்கள், குளிர்காற்றுக் குழாயைக்கூட யாரும் மாட்டவில்லை. அந்தப் பக்கத்தில் மட்டும் எண் சரசரவென்று இறங்கியதைப் பார்த்து, வானத்தில் காலை வாருவதற்கு முன்பே அவர் அதைக் கழற்றச் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டே விதி: வேலை இல்லாமல் ஓடவிடாதே, அதற்காக நிமிஷத்துக்கு ஒருமுறை அணைத்து அணைத்துப் போடாதே. முதல் பொறிக்கு சில ஆயிரம் வோல்ட் வேண்டும், ஒவ்வொரு முறையும் கேத்தோடுக்கு அது ஒரு அடி.

லேப் அசிஸ்டென்ட், வேலூர்:
அண்ணா, ஜைரோவை நான் தொட்டதில்லை, அதன் பங்காளியான ஹீலியம்-நியான் லேசர் குழாயோடு இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒரு பையன் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்ததில் ஒரு குழாய் போயே போய்விட்டது. ஆனோடு, அதாவது பிளஸ் முனை, சின்னது, அந்த மோதலை அதனால் தாங்க முடியாது. இன்னொன்று பசை வைத்து ஒட்டிய பழைய குழாய். வெளிச்சம் எரிகிறது, நல்ல ஆரஞ்சுச் சிவப்பு, லேசர் மட்டும் வரவில்லை. ஹீலியம் கசிந்திருக்கும் என்று பட்டது. காட்பாடியில் பலூன்காரரிடம் ஒரு பெரிய பை ஹீலியம் வாங்கி (சார், எந்த பர்த்டே என்று கேட்டார்) குழாயை உள்ளே போட்டுக் கட்டி வைத்தேன். குழாய்க்குள் ஹீலியம் இருக்க வேண்டியது சில டார்தான் (டார் என்பது அழுத்த அளவு), பையிலோ 760 டார், அதனால் இரண்டு வருஷத்தில் வெளியே போனது சில நாளில் திரும்பிவிடும். தினமும் எடுத்துப் பார்த்தேன், அதிகம் ஊறினாலும் கெட்டுவிடும். மூன்றாம் நாள் சுவரில் சிவப்புப் புள்ளி. இதை ஜைரோவுக்கும் செய்யலாமா?

கம்மவான்பேட்டைக்காரன்:
தம்பி, பலூன் விஷயம் பிரமாதம், ஆனால் இங்கே நடக்காது. ஜைரோவின் உடம்பு ஜெரோடூர், சூட்டில் நீளாது என்பதற்காக மட்டுமல்ல, ஹீலியத்தை லேசில் வெளியே விடாது என்பதற்காகவும் எடுத்த கண்ணாடிப் பீங்கான். வெளியே விடாதது உள்ளேயும் விடாதே! அதோடு அங்கே தொல்லை பெரும்பாலும் புதைந்த நியானும், சுவர்களில் இருந்து மெல்ல வெளிவரும் ஹைட்ரஜனும். ஹைட்ரஜனை விழுங்கத்தான் உள்ளே கெட்டர் என்ற உறிஞ்சு பொருளை வைக்கிறார்கள், அது நிரம்பும் வரைக்கும் நமக்கு நிம்மதி. திறந்து, சூடேற்றிச் சுத்தம் செய்து, புது வாயு நிரப்பிப் பிழைக்க வைக்கலாம், அதற்குத் தூசியில்லா அறையும் வெற்றிட பம்பும் வேண்டும். அப்படிப் போய்த் திரும்பி வந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன்; லேசர் பளிச்சென்று பற்றியது, ஆனால் அளவீட்டின் நடுக்கம் பழையபடியேதான். உள்ளே லேசரைத் திருப்பிவிடும் கண்ணாடிகள் கெட்டிருந்தன.

ஆலங்காயத்தான்:
கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களுக்குப் பக்கத்தில் காவலூர் வானாய்வகம், பள்ளியில் அழைத்துப் போனார்கள். தொலைநோக்கிக் கண்ணாடி மங்கினால் கழற்றிப் பழைய பூச்சைக் கழுவி, புதிதாய் அலுமினியம் பூசுவோம் என்றார்கள், அவ்வளவு பெரிய 2.34 மீட்டர் கண்ணாடிக்கே. உள்ளங்கை அளவு ஜைரோ கண்ணாடிக்கு அது முடியாதா?

கம்மவான்பேட்டைக்காரன்:
அது திறந்தவெளிக் கண்ணாடி, தம்பி. இது பிளாஸ்மாவின் புற ஊதா ஒளியிலேயே குடியிருப்பது, பூச்சும் அலுமினியம் இல்லை, பல அடுக்கு ஆக்சைடு. கொஞ்சம் கெட்டாலும் ஒளி சிதறி, எதிரெதிர்க் கற்றைகள் மெதுவான சுழற்சியில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அதை உடைக்கத்தான் ஒவ்வொரு ஜைரோவின் உடம்பையும் நொடிக்குச் சில நூறு தடவை ஆட்டுகிறார்கள். அந்த ஆட்டத்தின் முனகலைக் காதால் கேட்கலாம், ஒரு பெட்டியில் அது மாறியதைத்தான் நான் முதலில் கவனித்தேன், எண் இறங்கியது அப்புறம்.