தொண்டைப் புற்றணு ஆய்வு: மரபணு ஒடுக்கமா, தணிப்பா?

> 'gene knockdown' என்பதற்குத் தமிழில் 'மரபணு ஒடுக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, ஐயா. புற்றணு வளர்ச்சியை ஒடுக்குவதுதானே நோக்கம்?

ஒடுக்கப்படுவது மரபணுவின் வெளிப்பாடு. அதனால் வளர்ச்சி குறைகிறதா என்பது பிறகு அளந்து பார்க்க வேண்டிய கேள்வி. விடையைப் பெயரிலேயே ஏற்றிவிடக் கூடாது. மெண்டலின் 'ஒடுங்கு பண்பு' (recessive) வேறு குறுக்கே நிற்கிறது. 'அடக்கல்' என்றால் பாக்டீரியாவில் ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுதியான ஓபெரானின் அடக்கிப் புரதம் நினைவுக்கு வரும். அது படியெடுப்பையே, அதாவது மரபணுவிலிருந்து ஆர்என்ஏ உருவாவதையே, தடுப்பது.

இங்கோ படியெடுப்பு நடக்கிறது. செல்லுக்குள் செலுத்திய, சுமார் 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஈரிழை ஆர்என்ஏவின் ஓரிழை ஆர்கோநாட் புரதத்தில் அமர்ந்து, தன்னோடு இணைசேரும் தூது ஆர்என்ஏவை வெட்டுகிறது. (30 இணைக்கு மேல் நீண்டால் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் எதிர்வினை கிளம்பி, செல்லின் புரத உற்பத்தியே படுத்துவிடும்.) மரபணு சேதப்படுவதில்லை, சில நாளில் வெளிப்பாடு மீள்கிறது. ஆகவே 'மரபணு தணிப்பு' என்கிறேன். மரபணுத் திருத்தக் கருவியான கிரிஸ்பர் கொண்டு மரபணுவையே குலைப்பதற்கு 'முடக்கம்' இருக்கட்டும்.

---

> ஆகவே 'மரபணு தணிப்பு' என்கிறேன்.

வழிமொழிகிறேன். '80 விழுக்காடு தணிப்பு' என்று அளவோடு சொல்ல முடிகிறது. 'மௌனமாக்கல்' (silencing) அதற்கு இடம் தராது.

துணைச்சொற்களும் வேண்டும். கீழ்த்தொண்டைப் புற்றிலிருந்து வந்த ஃபாடு செல்களில், வளர்ச்சியைத் தூண்டும் ஏற்பிப் புரதமான இஜிஎஃப்ஆரின் தணிப்பை எடுத்துக்கொள்வோம். தட்டில் 30–50 விழுக்காடு செல் படர்ந்ததும், கொழுமத் துணையுடன் 10–50 நானோமோலார் செறிவில் ஆர்என்ஏ செலுத்துகிறோம். ஊடகத்தில் நுண்ணுயிர்க்கொல்லி இருந்தால் செல்கள் கூடுதலாகச் சாகும். தூது ஆர்என்ஏவை 24–48 மணியிலும் புரதத்தை 48–72 மணியிலும் அளக்க வேண்டும். பழைய புரதம் கரைய நேரமாகும். 24 மணியில் செல்களை எண்ணிவிட்டு 'விளைவில்லை' என்று எழுதுவது பிழை.

எந்த மரபணுவையும் குறிவையாத ஒப்பீட்டு ஆர்என்ஏவுக்கு 'இலக்கிலி' பொருந்தும். ஆர்கோநாட்டில் அமரும் இழையின் 5' முனையிலிருந்து 2 முதல் 8 வரையான இடங்கள், அதாவது 'வித்துப் பகுதி', வேறு தூது ஆர்என்ஏக்களோடு ஒட்டிக்கொள்வதால் வரும் கோளாறு 'பிறழிலக்கு'. அதனால்தான் ஒரே மரபணுவுக்கு இரு வேறு வரிசைகளையாவது சோதிக்கிறோம். தணிப்புக்குச் சிக்காதபடி மாற்றிய படியைத் திரும்பக் கொடுத்து வளர்ச்சி மீள்கிறதா என்று பார்ப்பதை 'மீட்புச் சோதனை' எனலாம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ஹெப்-2 செல்லைக் குரல்வளைப் புற்றணு என்று தர வேண்டாம். அது ஹீலா கலந்து இடம்பிடித்த வளர்ப்பு. ஹீலாவோ கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்தது.