2.4 கிகாஹெர்ட்ஸ் போர்டு: ஆன்டெனா 2.31-லேயே நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்ஆர்எஃப்52832 புளூடூத் சிப், நாலு லேயர் எஃப்ஆர்4 போர்டு, ஓரத்தில் செராமிக் சிப் ஆன்டெனா. முதல் லேயருக்கும் கிரவுண்டுக்கும் 0.2 மிமீ இடைவெளி, ஃபீட் லைன் 0.35 மிமீ அகலம்.

சிப் பக்கம் பிரச்சினை இல்லை. ஆன்டெனாவைத் துண்டித்து, மாடுலேஷன் இல்லாத கேரியரை (வெறும் அலையை) 2440 மெகாஹெர்ட்ஸில் விட்டு ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால், +4 டிபிஎம் செட்டிங்கில் கேபிள் இழப்பு கழித்து +2.6 வருகிறது. அதிர்வெண் 85 கிலோஹெர்ட்ஸ் கூடுதல். கிரிஸ்டலின் இரு கெப்பாசிட்டரையும் 10 பிகோஃபாரடிலிருந்து 12 ஆக்கிவிடுவோம்.

சிக்கல் ஆன்டெனாவில்தான். ஆன்டெனாவுக்கு முன்னால் உள்ள பை நெட்வொர்க்கில் (π வடிவ மேட்சிங் சர்க்யூட்) நடுவில் 0 ஓம், கிரவுண்டுக்குப் போகும் இரு ஷன்ட்டும் காலி. மெல்லிய கோஆக்ஸ் கேபிளை பேடிலேயே சால்டர் செய்து, அதன் நுனியில் ஓப்பன், ஷார்ட், இரண்டு 100 ஓம் 0402 ரெசிஸ்டர் இணையாக வைத்து விஎன்ஏவை (நெட்வொர்க் அனலைசர்) கேலிப்ரேட் செய்தோம். எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னலின் அளவு) பள்ளம் 2.31 கிகாஹெர்ட்ஸில், ஆழம் -14 டிபி. பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் 2.27-க்கு இறங்குகிறது.

ஆனால் கேபிளைக் கையால் பிடித்தாலே பள்ளம் 40 மெகாஹெர்ட்ஸ் நகர்கிறது. கேபிளின் வெளித்தோலில் கரண்ட் ஓடுகிறது என்றுதான் அர்த்தம், அப்படியானால் 2.31 என்பதையே நம்ப முடியாது. அந்தக் கரண்டைத் தடுக்கக் கேபிளில் ஃபெரைட் மணி ஒன்று போட்டும் பெரிதாக மாறவில்லை.

இந்த அலைவரிசைக்கு எந்த வகை ஃபெரைட், எத்தனை, போர்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் போடுகிறீர்கள்? கேபிளை எந்த ஓரமாக வெளியே எடுப்பது நல்லது? மேட்சிங் மதிப்புகளைப் பெட்டிக்குள் வைத்துத்தானே முடிவு செய்கிறீர்கள்? ஸ்மித் சார்ட் (இம்பீடன்ஸ் வரைபடம்) படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.