ஒரே கொரியச் சொல், கணினிக்கு மட்டும் இரண்டாகத் தெரிகிறது

கேள்வி:
வணக்கம். கொரிய நாட்டுப்புறக் கதைகளின் ஒலிப்பதிவுகளைத் தொகுத்து வருகிறேன். சியோலில் இருக்கும் தோழி தம் மேக் கணினியிலிருந்து 40 கோப்புகள் அனுப்பினார். அவற்றின் பெயர்களை என் பட்டியலோடு ஒப்பிடப் பைத்தானில் நிரல் எழுதினேன், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. 'ஹன்குல்' என்பது கொரிய எழுத்தில் இரண்டே கட்டங்கள். என் பட்டியலில் அதன் நீளம் 2, கோப்புப் பெயரில் 6! கோப்புகள் கெட்டுவிட்டனவா?

மறுமொழி 1:
பழைய கொரியக் குறியாக்கமாக இருக்குமோ?

மறுமொழி 2:
அப்படியானால் எழுத்தே சிதைந்து தெரியும். கோப்புகள் கெடவில்லை, கவலை வேண்டாம். எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் ஒரு கொரிய அசையை இரண்டு வழிகளில் எழுதலாம். முழு அசைக்கும் ஒரே எண் தருவது ஒன்று. 'ஹன்' என்பதற்கு 54620. ஹ், அ, ன் என்று உறுப்புகளை மூன்று எண்களாக அடுக்குவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒரே கட்டமாகவே தெரியும். மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. நம் 'கொ'வும் இப்படித்தான்: ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம்.

ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது உறுப்புகள் ஒரே எண்ணாகச் சேர்ந்த வடிவத்துக்கு, மாற்றுங்கள்.

இந்தச் சேர்க்கைக்கு அட்டவணைகூட வேண்டாம். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி நிலை 28 (இறுதி மெய் இல்லாததும் அதில் ஒன்று). பெருக்கினால் 11,172 அசைகள். வரிசை எண்கள் சுழியத்தில் தொடங்கும். முதல் மெய்யின் எண்ணை 21ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டுங்கள்; அதை 28ஆல் பெருக்கி இறுதி மெய்யின் எண்ணையும் 44032ஐயும் சேருங்கள். 'ஹன்' 18, 0, 4. போட்டுப் பாருங்கள், 54620 வரும். எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஒழுங்கு எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கேட்டவர்:
39 பொருந்திவிட்டன, மிக்க நன்றி! ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது. அதன் இறுதியில் வரிசைக் குறியாக 'க்' என்ற மெய் தனியே நிற்கிறது. என் பட்டியலில் அதை எழுத்து அட்டவணையிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன்.

மறுமொழி 2:
அதுதான் காரணம். விசைப்பலகையில் தனியே தட்டும் மெய்க்கு எண் 12593. அசையின் முதலில் சேரும் அதே மெய்க்கு 4352. நீங்கள் நகலெடுத்தது இரண்டாவது. என்எஃப்சி இவ்விரண்டையும் ஒன்றாக்காது. என்எஃப்கேசி என்ற இன்னொரு வடிவம் ஒன்றாக்கும், ஆனால் அது முழு அகல எண்கள் (கொரிய எழுத்தின் அகலத்துக்கு எழுதும் இலக்கங்கள்) போன்றவற்றையும் மாற்றிவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியலில் அந்த ஓர் எழுத்தை மட்டும் கொரிய விசைப்பலகையில் தட்டித் திருத்துங்கள்.

கேட்டவர்:
திருத்தினேன். 40ம் பொருந்திவிட்டன.