வசூல் நிறுவனத்தின் மீது நாங்கள் கொடுத்த புகார்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் சின்னம்மாவுக்குத் துணிக்கடையொன்றில் பழைய கடன் கணக்கு இருந்தது. சித்தப்பாவுக்கு வேலை போனதும் தவணை நின்றுவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அக்கடனை விலைக்கு வாங்கிய ஒரு வசூல் நிறுவனம், இரவில்கூட அழைத்து, பணம் கட்டாவிட்டால் கோயில் கமிட்டியில் இருக்கும் உறவினர்களிடம் சொல்லிவிடுவதாக மிரட்டியது. கடனைவிட அது நாலு பேருக்குத் தெரிவதற்கே நம்மவர்கள் அஞ்சுவார்கள் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அடுத்து, பார்வைக்கு நீதிமன்றச் சம்மன் போலவே ஒரு கடிதம் வந்தது. அதில் வழக்கு எண்ணோ நீதிமன்ற முத்திரையோ இல்லை. விசாரித்தபோது அப்படியொரு வழக்கே பதிவாகவில்லை என்று தெரிந்தது. எங்களுக்கு வழி திறந்தது அந்தக் கடிதத்தால்தான். 1998ஆம் ஆண்டின் கடன் வசூலிப்போர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடனாளியை அச்சுறுத்துவதையும், சட்ட நடவடிக்கை போலப் போலியாகக் காட்டி ஏமாற்றுவதையும் முறைகேடான நடத்தை என்கிறது. அழைப்பு வந்த தேதி, நேரம், பேசியவரின் பெயர் ஆகியவற்றை எழுதி, காவல் நிலையத்தில் பிரமாணப் பத்திரமாக உறுதி செய்து, வசூல் நிறுவனங்களைக் கண்காணிக்கும் கடன் வசூலிப்போர் மன்றத்துக்கு அனுப்பினோம்.

கூடவே நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதினோம். இத்தகைய கடன் பொதுவாக 3 ஆண்டுகளில் காலாவதியாகும்; இடையில் தீர்ப்போ, பணம் செலுத்தியதோ, கடனை ஒப்புக்கொண்டதோ இருந்தால் அந்தக் காலக்கணக்கு மாறும். காலாவதியான கடனை விற்பதையும் வசூலிப்பதையும் தேசியக் கடன் சட்டத்தின் 126பி பிரிவு 2015 முதல் தடை செய்கிறது. தொலைபேசியில் அவர்கள் “நல்லெண்ணத்துக்காக 100 ராண்ட் மட்டும் கட்டுங்கள், அம்மா” என்று குழைந்து பேசியது, சிறு தொகை கட்ட வைத்து அந்தக் காலக்கணக்கை மாற்றத்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மன்றம் விளக்கம் கேட்ட பிறகு, கணக்கை மூடிவிட்டதாக நிறுவனம் எழுத்தில் தெரிவித்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. மன உளைச்சலுக்கு ஈடு கேட்டு வழக்குப் போடச் சின்னம்மாவுக்கு விருப்பமில்லாததால் அதை நாங்கள் தொடரவில்லை.

வசூலிப்பவர் வழக்கறிஞராக இருந்தால் புகாரைச் சட்டத் தொழில் மன்றத்துக்கே கொடுக்க வேண்டும் என்பதால், அங்கே முறையிட்ட அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் இதே தொல்லையில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவருக்கு உதவியாக இருக்கும்.