விளம்பரத்தைப் பார்க்காமலே பாஸ்கல் படித்த கதை

1990-ல் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். ஏசி ரூம் என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியைப் படிக்கலாம் என்று நானாக முடிவு செய்யவில்லை. சார் ஒரு ஃபிளாப்பியை நீட்டினார், அதில் டர்போ பாஸ்கல் 3.0 இருந்தது, அவ்வளவுதான். புரோகிராமை எழுதும் எடிட்டரும், எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் ஒரே ஃபைலுக்குள், அதுவும் 40 கேபிக்குள் அடக்கம். தப்பு இருந்தால் அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். பக்கத்து மெஷினில் வேறொரு கம்பைலரை வைத்துக்கொண்டு ஒருவர் ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டு, துண்டுகளை ஒன்றாக இணைத்து (லிங்க் பண்ணி) முடிப்பார், அதற்குள் நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

அதன் கதையெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். 1983 நவம்பரில் போர்லாண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி அதை 49.95 டாலருக்கு விற்க ஆரம்பித்தபோது மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலர். பைட் என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட கையில் காசு இல்லை. விளம்பரம் பிடிக்க வந்த ஆளின் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பத்திரிகைப் பட்டியலை வைத்து, அதில் பைட் பெயரை அடித்துவிட்டு, போன் மணி அடித்துக்கொண்டே இருக்க ஏற்பாடு செய்து, கடைசியில் கடனுக்கே இடம் வாங்கிவிட்டதாக போர்லாண்டின் தலைவர் ஃபிலிப் கான் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஜகஜ்ஜால ஆள்!

எங்கள் தெருவுக்கு பைட் வந்ததே இல்லை, 49.95 டாலரும் எங்களில் யாரும் கொடுக்கவில்லை (இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது). ஆனால் அதற்கு காப்பி புரொடெக்‌ஷன் கிடையாது, புத்தகம் மாதிரி வைத்துக்கொள், ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்து என்பதுதான் லைசென்ஸ். பூட்டில்லாத சரக்குதானே கடல் தாண்டி மதுரை வரை வரும். அப்புறம் அதே வழியில், அதே கம்பெனியின் சி மொழிக் கம்பைலரான டர்போ சி வந்தது. நம் காலேஜ்களில் பல வருஷம் அந்த நீலத் திரையும் கிளியர்ஸ்கிரீன், கெட்ச் என்ற கட்டளைகளும்தான் சி மொழி என்று ஆகிப்போனது, விண்டோஸ் 7-ல் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டு அதையே ஓட்டிய பையன்களை நானே பார்த்திருக்கிறேன்.

—

மேலே எழுதியவருக்கு: உங்களுடையது பூட்டில்லாமல் பரவிய சரக்கின் கதை, நான் பார்த்தது நேர் எதிர், விலையால் முடங்கிய சரக்கு. 1996-ல் சென்னையில் ஸ்மால்டாக் என்ற புரோகிராம் மொழியில் ஒரு புராஜெக்டில் இருந்தேன். தப்பைத் தேடும் டீபக்கரில் நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை அங்கேயே திருத்தித் தொடரலாம், அந்தச் சுகம் தனி. ஆனால் லைசென்ஸ் ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்கான டாலர். எட்டுப் பேருக்கு மூன்று சீட், காலை ஷிப்ட் மாலை ஷிப்ட் என்று முறை வைத்து உட்கார்ந்தோம். வீட்டில் போய்ப் பழகிப் பார்க்க வழியே இல்லை. அந்த வருஷ ஜனவரியில் சன் என்ற கம்பெனி தன் புது மொழியான ஜாவா 1.0-ஐ இலவசமாக இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டது. கையில் கிடைத்தது வெறும் கம்பைலர், நோட்பேடில்தான் எழுத வேண்டும், மெதுவாகவும் ஓடும். ஆனாலும் நெட்ஸ்கேப் பிரவுசரில் ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் சின்ன ஜாவா புரோகிராம்) ஆடுவதைப் பார்த்த மேனேஜர் எவரும் ஸ்மால்டாக் பற்றிப் பேசினால் காது கொடுக்கவில்லை.

இலவசம் என்று பெயர்தான். இரண்டு மூன்று வருஷத்தில் ஊரெல்லாம் ஜாவா கோர்ஸ் பேனர், என் தம்பிக்குக் கட்டிய ஃபீஸ் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம்.