8 ஜிபி லேப்டாப்பில் ஆர்கெஸ்ட்ரா: சின்ன லைப்ரரியா, காசு சேர்த்துப் பெரியதா?

பாலக்கோடு_கீஸ்:
ஆடிக்குள் எங்கள் ஊர் மாரியம்மன் பாட்டு ஒன்றை முடிக்க வேண்டும். பம்பை, உடுக்கை எல்லாம் நேரில் பதிந்தாயிற்று. பின்னால் வயலின் கூட்டமும் கொஞ்சம் பிராஸும் (டிரம்பெட் மாதிரி ஊது வாத்தியங்கள்) வேண்டும். லேப்டாப்பில் 8 ஜிபி ராம், பழைய சுழலும் டிஸ்க். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் பதினைந்து டிராக் தாண்டினாலே ஒலி படபடவென்று வெடிக்கிறது. எடை குறைந்த லைப்ரரி (பதிந்த வாத்திய ஒலித் தொகுப்பு) எது?

மாங்கனி_மிக்ஸ், கிருஷ்ணகிரி:
யோசிக்கவே வேண்டாம் தம்பி. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர். 2020இல் வந்தது, இலவசம், 200 எம்பி சொச்சம்தான். லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் வாசித்த அதே ஆர்கெஸ்ட்ரா. புரொஃபஷனல் பதிப்பு 600 ஜிபி வரும், உன் டிஸ்க்கில் நுழையாது. முடிந்த டிராக்கை ஃப்ரீஸ் செய், ஆடியோவாக மாறிவிடும், ராமும் காலியாகும்.

ஓசூர்_ஒலி:
முழு ஆர்கெஸ்ட்ராவை 200 எம்பியில் அடக்க எதையெல்லாம் வெட்டியிருப்பார்கள்? மைக் தேர்வு கிடையாது, ஒரே மிக்ஸ். வயலின் வில்லை மெல்ல இழுப்பதையும் அழுத்தி இழுப்பதையும் தனித்தனியாகப் பதிந்த அடுக்குகளில்தான் உயிர் இருக்கிறது. அது குறைந்தால் வால்யூம் ஏறும், உணர்ச்சி ஏறாது. நானும் மூன்று வருடம் இலவசத்திலேயே ஓட்டியவன். பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் போட்டுக் காட்டினேன். "கீபோர்டா?" என்று கேட்டார்கள். முதலில் எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம். அப்புறம் லைப்ரரி.

மாங்கனி_மிக்ஸ்:
அண்ணா, இது கோயில் குழாய் ஸ்பீக்கரில் ஓடப்போகிற பாட்டு. அதில் மைக் எங்கே வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

ஓசூர்_ஒலி:
குழாய் ஸ்பீக்கர்தானே என்று விட்டு விட்டுத்தான் நம் பக்கத்துப் பக்திப் பாட்டெல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது.

பம்பை_பேரன், பென்னாகரம்:
இருவருமே கமகத்தை விட்டுவிட்டீர்கள். பெரிய லைப்ரரியிலும் சுரத்தை வளைக்கும் பிட்ச் வீலை உருட்டினால் இருபது வயலினும் ஒன்றாக வழுக்கும், பதிவோடு ஒட்டிய அறை எதிரொலியும் சேர்ந்து வளையும். காதுக்கு உடனே பொய் தெரிந்துவிடும். கூட்டத்தை நேர் சுரத்தில் நிறுத்திவிட்டு, மேலே ஒற்றை வயலினை மட்டும் வளைக்க வேண்டும்.

அதற்கு எஸ்எஃப்இசட் என்ற கோப்பு வடிவத்தில் வரும் தொகுப்புகள் வசதி. பால் பேட்டர்ஸ்பியின் வர்ச்சுவல் பிளேயிங் ஆர்கெஸ்ட்ரா இலவசம். சொனாட்டினா, விஎஸ்சிஓ 2 போன்ற இலவசத் தொகுப்புகளிலிருந்து சேர்த்தது. ப்ளோக் நிறுவனம் தரும் சஃபோர்ஸாண்டோ என்ற பிளேயரில் ஓடும். எஸ்எஃப்இசட் வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். வளைவு அளவை எழுதாமல் விட்டால் 200 சென்ட், அதாவது இரண்டு அரைச்சுரம். மேலே 500, கீழே மைனஸ் 500 என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். 'ஸ'வில் பிடித்து சுத்த மத்யமம் வரை ஒரே இழுப்பில் போகலாம்.

ஓசூர்_ஒலி:
அறை வளைவது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே சுரத்தை வேகமாக எட்டு முறை அடித்துப் பாருங்கள். ரவுண்ட் ராபின் (ஒவ்வொரு அடிக்கும் வேறு பதிவு) இல்லாவிட்டால் ஒரே பதிவுதான் திரும்பத் திரும்ப ஒலிக்கும், தையல் மெஷின் மாதிரி. பம்பை நடைக்குப் பின்னால் அது தாங்காது.

பாலக்கோடு_கீஸ்:
நேற்று இரவு டிஸ்கவரைப் போட்டேன். வெடிப்பு நின்றது. தையல் மெஷின் பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் பம்பை நுழைந்ததும் வயலினே கேட்கவில்லை! மாட்டிக்கொண்டது முதல் விருத்தத்தில். அங்கே குரலும் வயலினும் மட்டும். ஓசூர் அண்ணா சொன்ன அந்தக் "கீபோர்டா?" அப்படியே தெரிகிறது. ஒற்றை வயலினை வளைத்தும் பார்த்தேன், பாதி சரியானது. விருத்தத்துக்கு மட்டும் எங்கள் ஊர் நாயனக்காரரைக் கூப்பிடலாமென்று இருக்கிறேன்.

மாங்கனி_மிக்ஸ்:
பார்த்தாயா, ஒரு பைசா செலவில்லை.

ஓசூர்_ஒலி:
நாயனக்காரர் சும்மா வருவாரா?

தம்பி, ஒன்று சொல்கிறேன். அவர் நாயனத்தின் சுருதி உன் லேப்டாப்பின் 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குச் சரியாக வந்து நிற்காது. இரண்டரைக் கட்டை என்பார், சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். முதலில் அவரைப் பதி. அப்புறம் லைப்ரரியின் டியூனிங்கை அவருக்கு ஏற்ப நகர்த்து. அவரை லைப்ரரிக்கு இழுக்காதே.